கடல் முன்னணியா, நீர்முகமா?

"கடல் முன்னணிகளின் நிலையற்ற தன்மை." வெள்ளவத்தையில் ஒரு கடலியல் கூட்டத்தில் திரையில் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த இந்தத் தலைப்பு விழுந்ததும், பக்கத்திலிருந்த அண்ணர் காதுக்குள் கேட்டார்: "தம்பி, இவை எந்த மாவட்டத்தில கேட்கினம்?" சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் இந்த முன்னணி என் காதில் விழுவது இது நாலாவது தடவை.

ஆங்கிலத்தில் 'ஃப்ரொன்ட்'. நெற்றியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. முதலாம் உலகப்போருக்குப் பின் நோர்வேயின் பேர்கன் நகர வானிலையாளர்கள், குளிர்காற்றும் வெப்பக்காற்றும் முட்டும் கோட்டுக்குப் போர்க்களப் பெயரையே வைத்தார்கள். வெப்பமோ உப்போ வேறுபட்ட இரு நீர்த்திரள்கள் சந்திக்கும் ஒடுங்கிய பட்டைக்கும் அதே பெயர்.

"போரிலிருந்து வந்ததால்தானே முன்னணி?" என்பார்கள். அங்கேதான் பிழை. முன்னணி படையின் முன்வரிசை, ஒரு பக்கத்துக்கே உரியது. இரண்டு படையும் பொருதும் இடம் போர்முனை. வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீரும் அரபிக் கடலின் உப்புக் கூடிய நீரும் சந்தித்தால் இதில் எது முன்னணி, எது பின்னணி? 'முகப்பு' என்பாரும் உண்டு. அது வீட்டுக்குச் சரி. 'எல்லை' விளங்கும், ஆனால் எல்லைக்கல் நகராது, இது நகரும்.

நான் 'நீர்முகம்' என்பேன். கழிமுகம், துறைமுகம் என்று முகம் எப்போதோ நீரில் இறங்கிவிட்டது. களனி கங்கையின் நன்னீர் கடலோடு கலக்கும் இடத்துக்குக் கொழும்பில் முகத்துவாரம் என்றுதானே பெயர்? (காலிமுகத்திடலைச் சாட்சிக்குக் கூப்பிடமாட்டேன். அந்த முகம் ஆங்கிலத்திலிருந்து வந்தது.)

ஆங்கில 'வேரியபிலிட்டி'க்கு வைத்த 'நிலையற்ற தன்மை' இன்னும் மோசம். இலங்கைக்குத் தெற்கே, தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் கிழக்கு நோக்கி ஓடும் நீரோட்டம், வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியில் மேற்கே திரும்பிவிடும். வருசா வருசம் இதே கதை. முறை தவறாமல் மாறுவதை நிலையற்றது என்பதா? சிறு குலைவு பெருகி ஓட்டம் சுழிகளாக உடைவதே கடலியலில் நிலையின்மை. அது வேறு சங்கதி. இங்கே வேண்டியது 'மாறுந்தன்மை'. 'பருவப்பெயர்ச்சி' என்று அழகாகப் பெயர் வைத்த நாட்டில் இதற்கா பஞ்சம்?

அப்புறம் அடுத்த படம் வந்தது. நீரோட்ட வேகத்தைக் காட்டும் வரைபடம். மேலே 'தற்போதைய வேகம்' என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் நீரோட்டத்துக்கும் 'தற்போதைய' என்பதற்கும் ஒரே சொல் அல்லவா! அண்ணருக்குக் காட்டலாம் என்று திரும்பினேன். அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டிருந்தார்.