உங்கள் புரோகிராம் கோடு ‘மு’வை ‘ம’ ஆக்குகிறதா?

பிஎச்பியில் தொடங்கி ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், கோ என்று வேலைக்குத் தேவைப்பட்ட புரோகிராமிங் மொழிகளிலெல்லாம் வலைத்தளங்கள் கட்டி வருகிறேன். எது வேகம், எது சுலபம் என்ற விவாதம் ஓயவே ஓயாது. ஆனால் தமிழ்ப் பெயர்களை வாங்கிச் சேமிக்கும் தளம் என்றால் நான் முதலில் பார்ப்பது வேறு: அந்த மொழி எழுத்தை எப்படி எண்ணுகிறது?

‘பாலசுப்பிரமணியன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் 10 எழுத்து. நீளத்தைச் சொல்லும் பிஎச்பியின் ஸ்டர்லென் கட்டளை 48 என்கிறது. கோ மொழியின் லென்னும் 48தான். பைத்தானின் மூன்றாம் பதிப்பு, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் 16. ஸ்விஃப்ட் மொழி 10 என்று சொல்கிறது. காரணம் எளிது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘பா’ என்பது ப, துணைக்கால் என இரண்டு குறியீடு. ‘ன்’ என்பது ன, புள்ளி. இப்படி 16. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 48.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் பெயருக்கு வார்கேர்2 (50), அதாவது அதிகபட்ச நீளம் 50 என்று போட்டால், செட்டிங்கை மாற்றாதவரை அது 50 பைட். மேலே சொன்ன பெயர் உள்ளே போய்விடும். முன்னால் ‘க.’ என்ற இனிஷியலும் ஓர் இடைவெளியும் சேர்ந்தால் 53 பைட், பதிவு ஏறாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வார்கேர் 50 என்றால் 50 குறியீடு, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

என்னை அதிகம் வருத்துவது இனிஷியல்தான். அப்பா பெயர் முருகன் என்றால் மகள் மு. கயல்விழி. அப்பா பெயரிலிருந்து இனிஷியலைத் தானாக எடுக்கும் கோடில், ஜாவாஸ்கிரிப்ட்டிலோ பைத்தானிலோ இண்டெக்ஸ் 0, அதாவது முதல் குறியீடு என்று எழுதினால் ‘ம’தான் கிடைக்கும். சான்றிதழில் ம. கயல்விழி என்று அச்சாகும். ஒரு பயிற்சி நிறுவனத்தின் தளத்தைச் சரிசெய்யப் போனபோது இதை நேரில் பார்த்தேன். செல்வராஜின் பிள்ளைக்கு ‘ச’, கிருஷ்ணனின் பிள்ளைக்கு ‘க’. ‘ச’வும் முறையான இனிஷியல்தானே, பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, இங்கே ஒன்று என்றால் திருத்துவதற்கு அலைவது அந்தப் பிள்ளைதான். பிஎச்பியில் துண்டு எடுக்கும் சப்ஸ்டர் கட்டளையைப் போட்டு ஒரு பைட்டை வெட்டினால் உடைந்த குறி தெரியும், அதைத் தரவை ஜேசன் வடிவமாக்கும் ஜேசன் என்கோடுக்குக் கொடுத்தால் ‘முடியவில்லை’ என்று ஃபால்ஸ் திரும்பி வரும். பார்த்தவுடன் தெரிகிற பிழை, அன்றைக்கே சரியாகிவிடும். ஓசையில்லாமல் ‘சரியாக’ ஓடும் கோடுதான் ஆபத்து.

இதற்குத் தீர்வு இருக்கிறது. பிஎச்பியில் இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் தொகுப்பைப் போட்டால், முழு எழுத்தாக வெட்டும் கிராஃபீம் சப்ஸ்டர் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே வேலைக்கு இன்ட்ல் செக்மென்டர். 2024இல் ஃபயர்ஃபாக்ஸ் 125உம் அதைச் சேர்த்துக்கொண்டதால் இப்போது முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஓடும். பைத்தானில் உள்ளேயே இருக்கும், எழுத்து வடிவங்களைத் தேடும் ‘ஆர்ஈ’ தொகுப்பு இதற்குப் போதாது. அதில் டபிள்யூ குறி (\w) போட்டுச் சொற்களைப் பிரித்தால் ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகும். தனியாக நிறுவும் ‘ரெஜெக்ஸ்’ தொகுப்பில் பெரிய எக்ஸ் குறியைப் (\X) பயன்படுத்தி எழுத்தெழுத்தாகப் பிரிக்கலாம். இவை எல்லாமே க்ஷ-வை இரண்டாகத்தான் எண்ணும், அதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் தேடல். ‘கோமதி’யின் கோ-வை ஓகாரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் துணைக்காலுமாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நேராக ஒப்பிட்டால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுமே ‘வேறு’ என்று சொல்லும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் போதும். ஆனால் கௌரிக்கு அது போதாது. நம்மில் நிறையப் பேர் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ‘ள’வுமாக ‘கெளரி’ என்று அடிக்கிறோம். யூனிகோடுக்கு அது வேறு சொல். கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றினால் ‘கெளுத்தி’ மீன் கெட்டுவிடும். அதனால் ‘ள’வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும், அதுவும் பெயர்ப் புலத்தில் மட்டும் மாற்றுகிறேன்.

பெயரில் எழுத்து மட்டும் இருக்கிறதா என்று சோதிக்கும் ரெகெக்ஸ் என்ற தேடல் வாய்பாட்டில் யூனிகோடின் ‘எல்’ வகையை மட்டும் அனுமதிப்பது இன்னொரு பொதுவான தவறு. உயிர்க்குறியும் புள்ளியும் ‘எம்’ வகை. அதையும் சேர்க்காவிட்டால் கனகம் என்ற பெயரைக்கூடத் தளம் ஏற்காது, கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறதே. ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்று தன் சொந்தப் பெயரைப் பார்த்து ஒரு தளம் சொல்வதை யாரும் படிக்க நேரக் கூடாது.

வரிசைப்படுத்தும்போது குறியீட்டு எண்படி அடுக்கும் வெறும் சார்ட் கட்டளையைப் போட்டால் ‘ன’ நகரத்தை ஒட்டி வந்து நிற்கும், ‘ள’ ழகரத்துக்கு முன்னால் வரும், ‘அகம்’ முந்தி ‘அக்கா’ பிந்தி விழும். மொழியின் அகரவரிசைப்படி அடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்ட்ல் கொலேட்டருக்கு ‘டிஏ’ (ta) என்ற தமிழுக்கான மொழிக்குறியைக் கொடுங்கள். பிஎச்பியிலும் கொலேட்டர் இருக்கிறது.