பெக்கோவை இறக்குமுன் களியைப் பாருங்கள்

மாசி பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "குளத்தை ஆறடி ஆழமாக்கினோம். மாரி முழுக்க மழை. தைப்பொங்கலுக்குத் தளும்பத் தளும்ப நின்றது. இப்போது அடி தெரிகிறது. என்ன செய்யலாம்?" இந்த வருடமும் வலிகாமத்திலிருந்து ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் சேர்த்து அனுப்பிய காசு, சனசமூக நிலையத்துப் பிள்ளைகளின் மூன்று மாத உழைப்பு, திறப்பு விழா எல்லாம் முடிந்த பிறகு கேட்கிறார்கள். அனுப்பிய படங்களிலேயே விடை இருக்கிறது. குளத்தின் நடுவில் வெள்ளை வெளேரென்று மக்கி, அதாவது உதிர்ந்த சுண்ணாம்புக்கல். அடியிலிருந்த களிமண்ணை வெட்டியெடுத்துக் கல்லைத் திறந்துவிட்டார்கள்.

"ஆழமாக வெட்டினால் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும்" என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விடுங்கள். நம் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். சுண்ணாம்புக்கல்லில் இயற்கையாக விழுந்த ஆழமான நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் குளங்களில் தண்ணீரைத் தாங்குவது அடியில் படிந்திருக்கும் களி. சில இடங்களில் அது நான்கடி இருக்கும், சில இடங்களில் ஓரடிகூட இராது. ஒரே குளத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. ஒரு மூலையில் களியைத் தாண்டிவிட்டால் போதும், மிச்சக் குளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீர் அந்த மூலையால் போய்விடும். ஆழம் கூடக்கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடுகிறது. மூன்றடித் தண்ணீரைத் தாங்கிய மெல்லிய களி ஏழடியைத் தாங்காது. ஆழப்படுத்திய குளம் பழைய குளத்தைவிட முந்தி வற்றுவது இதனால்தான்.

ஆழமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நமக்குப் பெரும்பகுதி மழை ஐப்பசி முதல் மார்கழி வரைதான். பிறகு ஏறத்தாழ எட்டு மாதம் வெயில். ஆவியாதலை ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தாலும், தை முதல் ஆவணி வரை எட்டு மாதத்தில் 1,200 மில்லிமீற்றர், அதாவது நான்கடிக்குக் கிட்டப் போகிறது. களி எவ்வளவு நல்லதானாலும் மூன்றடிக் குளம் ஆவணியில் வறண்டே கிடக்கும். ஆகவே கணக்கு இரண்டு. வெயில் குடிப்பதற்கு மேல் எத்தனை அடி வேண்டும், களி எத்தனை அடிக்கு இடம் தருகிறது. இரண்டாவது கணக்குத்தான் முடிவு செய்யும். இடம் தராத களியோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அதைப் பார்ப்பது பெரிய வேலையல்ல. எட்டுப் பரப்பு (அரை ஏக்கர்) குளத்துக்கு 20 மீற்றர் இடைவெளியில் ஐந்தாறு துளைகள், கையால் சுற்றும் ஓகர் என்ற துளைக்கருவி, இரண்டு ஆட்கள், அரை நாள். மேலே வருவது கறுத்த வண்டல். வேர்த்துண்டும் நத்தை ஓடும் கலந்து, பிடித்தால் கையில் உதிரும். இதை அள்ளலாம், வயலுக்கும் தோட்டத்துக்கும் நல்லது. அடுத்து சாம்பல் நிறத்தில் இறுக்கமான களி. சிறிது நனைத்து உள்ளங்கையில் நூலாகத் திரித்தால், ஈர்க்குத் தடிப்பிலும் ஒடியாமல் வரும். அதற்குக் கீழே நிறம் மஞ்சளாகி, வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தலைகாட்டும். அங்கே கல் கிட்ட வந்துவிட்டது. ஒவ்வொரு துளையிலும் களி தொடங்கும் மட்டத்தையும் முடியும் மட்டத்தையும் குளத்து வானின் (மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் இடம்) மட்டத்திலிருந்து அளந்து எழுதுங்கள். குறைந்தது இரண்டடிக் களி கீழே மிஞ்ச வேண்டும். அதுவே வெட்டை நிறுத்தும் மட்டம். பார்த்து முடிந்ததும் துளைகளைக் களியாலேயே நிரப்பி இடித்து மூடிவிடுங்கள், திறந்த துளை ஒவ்வொன்றும் ஓர் ஒழுக்கு.

இப்போது ஒப்பந்தத்தைப் பாருங்கள். எட்டுப் பரப்பில் ஓரடி வெட்டினால் 218 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). அள்ளும்போது மண் பொருமும், ஆகவே மூன்று கியூப் டிப்பரில் 90 நடைக்கு வரும். அந்த மண்ணுக்கு ஊரில் விலை உண்டு. கியூப் கணக்கில் கூலி பேசினால், அல்லது கூலிக்குப் பதிலாக மண்ணையே எடுத்துக்கொள்ளச் சொன்னால், ஆழமாக வெட்டுவதுதான் ஒப்பந்தக்காரருக்கு லாபம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நீங்கள் எழுதிக் கொடுத்தது அப்படி. குறித்த மட்டத்தில் வெட்டி முடித்ததற்குக் காசு கொடுங்கள், கியூப்புக்கு அல்ல. மட்டத்துக்குக் கீழே போன ஒவ்வோர் அங்குலத்தையும் களியால் நிரப்பி இறுக்கித் தருவது அவர் பொறுப்பு என்று எழுதுங்கள். பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) ஓடும் நேரம் முழுக்க லெவல் பார்க்கத் தெரிந்த ஒருவர் கரையில் நிற்க வேண்டும். பின்னேரம் வந்து எட்டிப் பார்ப்பது மேற்பார்வையல்ல. வாளியில் வெள்ளைக் கட்டி தெரிந்த கணமே நிறுத்த அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும், தலைவருக்குப் போன் போட்டுக் கேட்கும் நிலை கூடாது.

திட்ட அறிக்கைகளில் "இடர்கள்" என்று ஒரு பக்கம் வரும். ஊர் மாறினாலும் அந்தப் பக்கம் மாறாது: காலநிலை மாற்றம், நிதிப் பற்றாக்குறை, மக்கள் ஒத்துழைப்பின்மை. இதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? இடர் என்றால் இப்படி எழுதுங்கள்: "வடகிழக்கு மூலையில் களி ஒன்றரை அடிதான். அந்தப் பகுதியில் வண்டலுக்குக் கீழே வெட்டுவதில்லை. பார்ப்பவர் இன்னார்." "கடல் ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள கிணறுகளின் மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்புக் கூட இதுவும் கூடும்) சென்ற வருடம் இதே மாதத்தைவிட 20 வீதம் ஏறினால் வேலை நிற்கும்." என்ன நடக்கலாம், எதைக் கொண்டு அறிவோம், எந்த அளவில் நிறுத்துவோம், நிறுத்துபவர் யார். இந்த நான்கும் இல்லாத வரி இடர் அல்ல, அதை வெட்டிவிடுங்கள்.

கடலோரத்துக்கு ஒரு சொல். நம் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீரில் ஓரடி குறைந்தால், கீழே உவர் ஏறத்தாழ 40 அடி மேலே வரப் பார்க்கும் என்பது பழைய விதி. வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் அது இன்னும் சுலபமாக ஏறும். கடல்மட்டத்துக்குக் கீழே குளம் தோண்டாதீர்கள். அதைச் சரிக்கட்ட வழி கிடையாது.

காலமும் ஓர் இடர்தான். வெட்டுவதற்கு உகந்தது வைகாசி முதல் ஆவணி வரை. நடப்பது என்ன? நிதியாண்டு மார்கழியோடு முடிகிறது என்பதால் ஐப்பசியில் காசு கைக்கு வருகிறது, கார்த்திகை மழையில் சேற்றுக்குள் பெக்கோ இறங்குகிறது. சேற்றில் எந்த மட்டமும் தெரியாது, கட்டும் குழையும். புரட்டாசி நடுவுக்குள் முடியாது என்று தெரிந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். பிரதேச செயலகம், கமநலத் திணைக்களம், மண் ஏற்றுவதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் என்று அனுமதிகளுக்குத் தையிலேயே எழுதத் தொடங்கினால்தான் வைகாசிக்குக் கைக்கு வரும்.

அடுத்தது முன்னேற்றத்தை அளப்பது. "எத்தனை கியூப் எடுத்தோம்", "எத்தனை மரம் நட்டோம்", "எத்தனை பேர் வந்தார்கள்" என்பவை செலவுக் கணக்கு. குளத்தின் முன்னேற்றம் ஆடியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதிலும், சுற்றுக் கிணறுகளில் என்ன நடக்கிறது என்பதிலும் இருக்கிறது. வேலை தொடங்க ஒரு வருடம் முன்பே அளக்கத் தொடங்குங்கள். முந்திய நிலை தெரியாமல் "கூடியது" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

குளத்துக்குள் சென்றிமீற்றர் குறித்த அளவுப்பலகை ஒன்று, வாரம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாசிப்பு. பக்கத்தில் வாயகன்ற தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மழையில்லாத நாட்களில் இரண்டும் எவ்வளவு இறங்குகின்றன என்று ஒப்பிடுங்கள். சிறு பாத்திரம் குளத்தைவிட விரைவாகவே வற்றும். அதையும் மிஞ்சிக் குளம் இறங்கினால், யாரும் தண்ணீர் இறைக்காத பட்சத்தில், அடி ஒழுகுகிறது. சந்தேகமே வேண்டாம்.

கிணற்றில் கட்டின் மேல் ஓரிடத்தில் பெயின்ற் அடையாளம் போட்டு எப்போதும் அங்கிருந்தே நாடாவை இறக்குங்கள், மோட்டார் போடுவதற்கு முன்பு. மின்கடத்துதிறனை மேல்மட்டத்தில் ஒருமுறை, கிணற்றின் அடியிலிருந்து ஒரு மீற்றர் மேலே ஒருமுறை எடுங்கள், உப்பு கீழேதான் முதலில் தெரியும். அதை அளக்கும் கருவியான மீற்றரை மாதம் ஒருமுறை 1,413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் சரிபாருங்கள். சரிபார்க்காத மீற்றர் தரும் எண்ணைப் பதியாமல் விடுவதே மேல். வருடத்தில் இரண்டு முறை, மாரிக்கு முன்னும் பின்னும், குளோரைட்டும் நைத்திரேற்றும் ஆய்வுகூடத்தில் பாருங்கள். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தோட்டங்களுக்கு நடுவிலுள்ள குளத்தில் அடி திறந்துவிட்டால், உரம் கரைந்த தண்ணீர் வடிபடாமல் நேரே கிணற்றுக்குப் போகும். "நிலத்தடிக்குத்தானே போகிறது, நல்லதுதானே" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நிலத்தடிக்குச் செலுத்துவதுதான் நோக்கமென்றால் தொடக்கத்திலேயே அப்படி எழுதி, மணலும் சரளையும் போட்ட வடிகட்டுக் குழியாகக் கட்டுங்கள். தவறுதலாக விழுந்த ஓட்டைக்குப் பிற்பாடு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

ஒரு பிழை படித்தவர்களும் விடுகிறார்கள். வேலை முடிந்த வருடம் நல்ல மழை பெய்தால் குடாநாட்டின் எல்லாக் கிணறும் உயரும், அந்தப் பெருமையைத் திட்டம் எடுத்துக்கொள்கிறது. குளத்தின் பாதிப்பு எட்டாத தூரத்தில், அதே மண்ணில், அதே அளவு இறைக்கும் இரண்டு மூன்று கிணறுகளையும் சேர்த்து அளந்து வாருங்கள். அவையும் அதேயளவு உயர்ந்திருந்தால் உயர்த்தியது மழை.

மரம் பற்றிச் சுருக்கமாக. கார்த்திகையில் நடுவது சரி, மண் ஈரமாக இருக்கும். பிழை மாசியிலிருந்து தொடங்குகிறது. 500 கன்றுக்கு வாரம் இரண்டு முறை 10 லீற்றர் வீதம் ஊற்ற 10,000 லீற்றர் வேண்டும். 5,000 லீற்றர் பவுசர் (தண்ணீர் வண்டி) இரண்டு நடை, ஒவ்வொரு வாரமும், மழை வரும் வரை. இந்தக் காசு வரவுசெலவில் இல்லையென்றால் 50 கன்று நடுங்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி கூடு கட்டுங்கள், இலக்கமிடுங்கள், 6, 12, 24 மாதங்களில் உயிரோடு நிற்பதை எண்ணுங்கள். கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடுபவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. அலை ஏறி இறங்கும் மட்டத்தைப் பார்க்காமல், பிழையான இடத்தில் நட்டது பெரிய காரணம். பூநாரைகள் இரை தேடும் வெறும் சேற்றுத்தரை "சும்மா கிடக்கிற" இடமல்ல, அதை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே அடி திறந்துவிட்ட குளங்களுக்கு: வற்றிக் கிடக்கும்போதே வெள்ளை தெரியும் இடங்களை அளந்து குறியுங்கள். நல்ல களியை, உருட்டினால் உருண்டையாகும் ஈரத்தில், ஆறு அங்குலப் படையாகப் போட்டு உருளையால் இறுக்கி, அடுத்த படை போடுங்கள், இரண்டடி வரும்வரை. வெயிலில் வெடிக்கவிடாமல் மேலே வண்டல் பரப்புங்கள். வெட்டியதைவிடக் கூடச் செலவாகும். வெட்டிய களி எங்கே கொட்டப்பட்டது என்று முதலில் விசாரியுங்கள், பெரும்பாலும் யாரோ ஒருவரின் வளவில் அப்படியே குவிந்துதான் கிடக்கும்.