முதலில் இனிஷியலைப் பாருங்கள்: பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆலோசனைத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு

போன ஆடி மாதம் மாமியாரும் மருமகளும் சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரே ஆட்டோவில் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். நூல் மில்லில் வேலை பார்த்த மகன் நெஞ்சுவலியில் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மூன்று வருட சர்வீஸ். மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பி.எஃப். பாஸ்புக் நகலில் எழுபதாயிரத்துச் சொச்சம் இருந்தது. அதை எப்படி வாங்குவது என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். வேறு பணமும் வரும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

வர வேண்டியது அதைவிடப் பல மடங்கு. வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு இ.டி.எல்.ஐ. என்ற இன்சூரன்ஸ் உண்டு. தொழிலாளி அதற்கு ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை 35-ஆல் பெருக்கி, பி.எஃப். சராசரி இருப்பில் பாதியைச் சேர்த்துக் கொடுப்பார்கள். உச்சவரம்பு 7 லட்சம். இவருக்குச் சம்பளம் 12,000 ரூபாய் என்பதால் 35 மடங்கே 4,20,000 வருகிறது. மனைவிக்கு மாதப் பென்ஷன் தனி. அதற்குப் பத்து வருட சர்வீஸ் தேவையில்லை, ஒரு மாதச் சந்தா போயிருந்தாலே போதும். குழந்தைக்கும் 25 வயது வரை ஒரு பங்கு உண்டு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நாமினி பக்கத்தைத் திறந்தேன். அம்மா பெயர் இருந்தது. வேலைக்குச் சேரும்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மறு வருடம் கல்யாணம், அப்புறம் குழந்தை. நாமினியை மாற்றச் சொல்லி யாரும் நினைவுபடுத்தவில்லை. பென்ஷன், நாமினி யாராக இருந்தாலும் மனைவிக்கும் குழந்தைக்கும்தான். பி.எஃப். தொகையும் இன்சூரன்ஸும் யாருக்கு என்பதில்தான் பேச்சு வளர்ந்தது. வரும்போது ஒரே ஆட்டோவில் வந்தவர்கள், திரும்பும்போது மாமியார் ஆட்டோவில் ஏறினார், மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது, ஆதாரோடு இணைத்த செல்போனை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை அது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கிளெய்ம் போடுவது நம் வேலையின் கடைசிப் பகுதி. ஆள் வேலையில் இருக்கும்போதே அவருடைய காகிதங்களைச் சரிசெய்து வைப்பதுதான் நம் முக்கியமான வேலை.

அதில் முதலில் பார்க்க வேண்டியது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மில் டைம் ஆபீஸில் ஒருவர் பெயருக்குப் பின்னால் 'பி' என்று போட்டிருப்பார்கள். ஆதாரில் அந்த எழுத்து இருக்கும் இடத்தில் அப்பாவின் முழுப்பெயர் இருக்கும். பேங்க் பாஸ்புக்கில் எழுத்து முன்னால் வந்திருக்கும். பெண்களுக்கு இன்னும் சிரமம். கல்யாணத்துக்கு முன்பு அப்பா இனிஷியல், பின்பு கணவர் இனிஷியல். பிறந்த தேதியோ, சேர்த்துவிட்ட மேஸ்திரி உத்தேசமாகச் சொன்னதாக இருக்கும். நமக்கு இது ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர், கிளெய்ம் ரிஜெக்ட் ஆகிவிடும். 2017 அக்டோபர் முதல் ஆதார் மூலம் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) வாங்கியவர்கள் 2025 முதல் பெரும்பாலான திருத்தங்களைத் தாங்களே ஆன்லைனில் செய்துகொள்ளலாம். அதற்கு முந்தைய ஆட்களுக்கு முதலாளியின் ஒப்புதலும் வேண்டும். மில் ஓடிக்கொண்டிருந்தால் ஒப்புதல் வாங்கிவிடலாம். மில்லை மூடி இயந்திரங்களையும் விற்ற பிறகு யாரிடம் போய் நிற்பது?

நானும் இதையெல்லாம் தெரிந்துகொண்டு இந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்ட் ஆபீஸில் ஆரம்பித்தேன். மாதா மாதம் 15-ஆம் தேதிக்குள் பத்துப் பதினைந்து கம்பெனிகளுக்குச் செலான் போட வேண்டும். தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம், அதில் 8.33 பென்ஷனுக்கு, மீதி 3.67 பி.எஃப்.க்கு. எண்கள் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த ஒரு முகத்தையும் நான் பார்த்ததில்லை. நமக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி, நாம் பேசுவதும் கம்பெனியிடம். சேலத்தில் இந்தத் துறையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். தொழிலாளி பக்கம் உட்கார்ந்து சொல்ல ஆள் குறைவு.

தனியாக வந்த முதல் வருடம் நான் செய்த தவறு ஒன்று இன்னும் உறுத்துகிறது. எட்டு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்து நின்றவர் ஒருவர், மகளின் காலேஜ் ஃபீஸுக்கு உடனே பணம் வேண்டும் என்று வந்தார். பி.எஃப். எடுக்க ஃபார்ம் 19, பென்ஷன் பணத்தை எடுக்க ஃபார்ம் 10சி, இரண்டையும் நிரப்பிக் கொடுத்தேன். பணம் வந்தது, நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக வந்தபோதுதான், அதற்கு முன்பு ஓமலூர்ப் பக்கம் மூன்று வருடம் வேறொரு நம்பரில் பி.எஃப். பிடித்ததைச் சொன்னார். இரண்டையும் இணைத்திருந்தால் 11 வருடம். பத்து வருடம் ஆனால் 58 வயதிலிருந்து சாகும்வரை பென்ஷன். சம்பளத்தை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் கணக்கு. பத்தாயிரம் சம்பளம் என்று வைத்தாலும் மாதம் 1,571 ரூபாய். அவருக்குப் பின் மனைவிக்கும் ஒரு பகுதி வந்திருக்கும். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை: "இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் வேலை பார்த்தீங்க?"

இப்போது யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். அவசரத்துக்குப் பி.எஃப்.ஐ மட்டும் எடுங்கள், பென்ஷனுக்கு, பார்த்த சர்வீஸைக் காப்பாற்றி வைக்கும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். சிலர் கேட்கிறார்கள். பணமுடை இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போடட்டும்.

தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. பற்றி மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாத்திரை கொடுக்கும் இடம் என்பது மட்டுமே. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்குப் பிடித்தம் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் போடுகிறார். 14,000 சம்பளக்காரருக்கு மாதம் 105 ரூபாய்தான் போகிறது. அதற்குள் நோய் லீவில் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம், எல்லாம் அடக்கம். வேலைக்குப் போகும் வழியில் பைபாஸில் வண்டி மோதினால்கூட வேலை விபத்தாகக் கோர முடியும். அதைச் சொன்னால் கேட்பவர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை. ஆனால் தகவலை உடனே பதிவு செய்ய வேண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டில் விபத்து எப்படி நடந்தது என்று சரியாக எழுதியிருக்க வேண்டும். இதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவர் நாம்தான்.

படிப்பைப் பொறுத்தவரை, தொழிலாளர் சட்டத்தில் டிப்ளமோ இருந்தால் நல்லது. ஆனால் படித்ததோடு நிறுத்த முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. ஐந்து வருடம் ஆனால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்றே சொல்லிப் பழகியிருந்தோம். இப்போது குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே உண்டு. சம்பளத்தைப் பல அலவன்ஸாக உடைத்து பேசிக் எனும் அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பதற்கும் 50 சதவீத வரம்பு வந்திருக்கிறது. நானே மறுபடி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களையும் போய்ப் பாருங்கள். செவ்வாப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைகளில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். பத்துப் பேருக்குக் குறைந்தால் பொதுவாக இ.எஸ்.ஐ. இல்லை, இருபதுக்குக் குறைந்தால் பி.எஃப். இல்லை. அவர்களுக்கு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவுதான் வழி. பதிவு செய்தவர்களும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பாட்டி, முப்பது வருடச் சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் அடுப்புப் புகை வாசம். எஸ்டேட்டின் வருகைப் பதிவேடான செக்ரோலில் அவர் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தது. "அது நாந்தான் கண்ணு, எல்லாருக்கும் தெரியுமே" என்றார். கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருந்தார்கள், கணக்கு எழுதும் ரைட்டரும் இருந்தார். அதனால் இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியது என்று எழுதி வாங்கி கிராஜுவிட்டி பெற முடிந்தது.

உங்கள் கூலி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வேலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வரும் தொகையில் சதவீதம் கேட்காதீர்கள். பணம் வந்த கையோடு அவருக்கு ஒரு இன்சூரன்ஸ் பாலிசி விற்பதும் வேண்டாம். அவருடைய பாஸ்வேர்டை உங்கள் நோட்டில் எழுதி வைக்காதீர்கள். ஓ.டி.பி.யை அவரே பார்த்து அவரே தட்டட்டும்.

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற பி.எஃப். முகாம் நடக்கிறது. விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள். தொழில் தொடங்கும் முன் நாலைந்து மாதம் அங்கே போய் வரிசையில் நிற்பவர்களோடு பேசுங்கள். என்ன கேட்கிறார்கள், எந்தக் காகிதம் இல்லாமல் திரும்புகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை தெரிந்தவர் யாரையாவது கூட்டிப் போங்கள். ஆதார், பேங்க் பாஸ்புக், இதுவரை வேலை பார்த்த எல்லா இடத்துச் சம்பளச் சீட்டும் கையில் இருக்கட்டும். கல்யாணமானவராக இருந்தால் மனைவியின் ஆதாரும் போட்டோவும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.