இடம் மாறிய நிக்கலைக் காட்டிக்கொடுக்கும் காந்தம்

கைப்பேசி பேட்டரியில் கோபால்ட்டும் நிக்கலும் இருக்கின்றன என்றால், அதன் நேர்முனைத் தூள் காந்தத்தில் ஒட்டுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அறை வெப்பநிலையில் இரும்புத் தூளைப் போல ஒட்டாது. ஆனால் நன்கு குளிர்வித்து அளந்தால், அதே தூளின் காந்தத்தன்மை அதன் படிக அமைப்பைப் பற்றி வியக்கத்தக்க நுட்பத்துடன் பேசுகிறது.

லித்தியம் கோபால்ட் ஆக்சைடில், ஆக்சிஜன் அடுக்குகளுக்கிடையே ஒரு தளத்தில் கோபால்ட்டும் அடுத்த தளத்தில் லித்தியமுமாக மாறி மாறி அமைந்துள்ளன. ஒவ்வோர் உலோக அயனியையும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்க, கோபால்ட்டின் ஆறு டி எலக்ட்ரான்களும் (டி எனப்படும் ஆர்பிட்டால்களில், அதாவது எலக்ட்ரான் உலவும் பகுதிகளில், உள்ளவை) மூன்று இணைகளாகி ஒன்றின் காந்தத்தன்மையை மற்றொன்று நீக்கிவிடுவதால் அதற்கு நிலையான காந்தத் திருப்புத்திறன் இல்லை, அதாவது அது ஒரு சிறு காந்தமாக நடந்துகொள்வதில்லை. கோபால்ட்டின் இடத்தில் நிக்கலை வைத்தால், அதாவது லித்தியம் நிக்கல் ஆக்சைடில், ஏழு எலக்ட்ரான்கள். ஒன்று இணையின்றி எஞ்சி, அயனியைச் சிறு காந்தமாக்கும்.

இந்த ஒற்றை எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று எப்படி அறிகின்றன என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அருகருகே உள்ள இரு அயனிகளுக்கு நடுவில் ஆக்சிஜன் இருக்கிறது; அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மூன்றும் நேர்கோட்டில், அதாவது 180 பாகையில் இருந்தால், ஆக்சிஜனின் ஒரே பி ஆர்பிட்டால் இருபுறமும் நீள்கிறது. அதிலுள்ள இரண்டு எலக்ட்ரான்களும், ஓர் ஆர்பிட்டாலில் ஒரே திசைச் சுழற்சி கொண்ட இரண்டு இருக்க முடியாது என்னும் பௌலி விதிப்படி, எதிரெதிர்ச் சுழற்சி (எலக்ட்ரானின் காந்தத் திசையைத் தரும் பண்பு) கொண்டவை. ஒன்று இடப்புற அயனியோடும் மற்றொன்று வலப்புற அயனியோடும் பிணைவதால், அயனிகளின் சுழற்சிகளும் எதிரெதிராகின்றன. கோணம் 90 பாகை என்றாலோ, இரு அயனிகளும் ஆக்சிஜனின் வெவ்வேறு பி ஆர்பிட்டால்களைத் தொடுகின்றன. வெவ்வேறு ஆர்பிட்டால்களில் உள்ள எலக்ட்ரான்கள் ஹுண்டு விதிப்படி ஒரே திசைச் சுழற்சியை நாடுவதால், அயனிகளும், சற்று வலுக்குறைந்த பிணைப்போடு, ஒரே திசையில் நிற்கின்றன.

கோணத்தைப் பற்றிய இந்த விதிகளை 1950களில் வகுத்தவர்களுள் ஒருவரான ஜான் குடினஃப், அப்போது அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் லிங்கன் ஆய்வகத்தில் கணினி நினைவகத்துக்கான காந்த ஆக்சைடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரே 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைப் பேட்டரிக்கு ஏற்றதெனக் காட்டி, 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடனடிப் பயனைக் கேட்டு மட்டுமே நிதி ஒதுக்கும் நிர்வாகங்கள் இந்தக் கால்நூற்றாண்டு இடைவெளியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லித்தியம் நிக்கல் ஆக்சைடின் ஒரு தளத்துக்குள் இந்தக் கோணம் ஏறத்தாழ 90 பாகை; ஆகவே அத்தளத்து நிக்கல்கள் ஒரே திசையை நாடுகின்றன. ஆனால் அதைப் பிழையின்றித் தயாரிப்பது கடினம்: சூட்டில் லித்தியம் ஆவியாகிறது, நிக்கலில் ஒரு பகுதி இரண்டு நேர்மின்சுமை கொண்ட அயனியாக மாறுகிறது, அதன் அளவும் லித்தியத்தின் அளவும் நெருங்கியவை என்பதால் அது லித்தியத்தின் தளத்தில் குடியேறிவிடுகிறது. அங்கிருந்து பார்த்தால் மேல் தளத்து நிக்கலுடனும் கீழ்த் தளத்து நிக்கலுடனும் 180 பாகை இணைப்பு உண்டு. இரண்டுக்கும் எதிராக அது நிற்பதால், அவ்விரு தளங்களும் அந்த இடத்தில் ஒரே திசையில் பூட்டப்படுகின்றன. ஒரு சில விழுக்காடு அயனிகள் இடம் மாறினாலே, தாழ்ந்த வெப்பநிலையில் காந்தத்தன்மையை அளக்கும் காந்தமானி அதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

இடம் மாறிய அயனி லித்தியத்தின் பாதையை அடைப்பதோடு, மின்னேற்றத்தின்போது தானும் ஆக்சிஜனேற்றமடைந்து சுருங்கித் தளங்களின் இடைவெளியைக் குறுக்கிவிடுவதால், வெளியேறிய லித்தியம் அங்கே திரும்பி நுழைவது கடினமாகிறது. ஆகவேதான் நிக்கல் மிகுந்த நேர்முனைத் தூள்களை, லித்தியத்தைச் சற்று மிகையாகச் சேர்த்து, ஆக்சிஜன் ஓட்டத்தில் சுடுகிறார்கள்.