வட்டத்தைப் பங்கு போட்ட கடிகாரக்காரர்

1861. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்த நேரம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 'பிராவிடன்ஸ் டூல் கம்பெனி' ராணுவத்துக்கு மஸ்கட் துப்பாக்கி செய்துகொண்டிருந்தது. அந்தத் துப்பாக்கியில் நிப்பிள் என்று ஒரு சின்னக் குமிழ் உண்டு. அதன் தலையில் மாட்டிய கேப் என்ற குட்டி வெடிமூடி வெடித்ததும், தீப்பொறி குமிழின் நடுவில் இருக்கும் பொடித் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். சிக்கல் அந்தத் துளையில் இல்லை, துளை போடும் ட்ரில் பிட்டில் இருந்தது.

ட்ரில் பிட்டின் உடம்பில் முறுக்கிக்கொண்டு ஏறும் இரண்டு பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். துளைக்குள் சீவப்படும் இரும்புத் துருவல் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் வெளியே வரும். அந்தக் காலத்தில் அதை வட்ட அரத்தால் கையாலேயே அராவி எடுத்தார்கள். எஃகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திருப்பிக்கொண்டே, கண் மதிப்பில் ஒரு திருகுச் சுருள். ஒரு பிட்டைப் போல இன்னொன்று வராது, நேரமும் தின்னும். ஆலையின் மேலாளர் ஃபிரெடரிக் ஹவ் பொறுமையிழந்து, ஊரிலேயே இருந்த ஜோசப் பிரவுனிடம் போனார்.

ஜோசப் பிரவுன் துப்பாக்கிக்காரர் அல்ல. 1833இல் அப்பா டேவிட் பிரவுனோடு சேர்ந்து, கடிகாரம் செய்வதும் ரிப்பேர் பார்ப்பதுமாகக் கடை தொடங்கியவர். 1848இல் அந்தக் கடைக்கு லூசியன் ஷார்ப் என்ற பையன் வேலை பழக வந்தார். 1853இல் அவர் பங்குதாரர் ஆனார். 'பிரவுன் அண்டு ஷார்ப்' என்ற பெயர் பிறந்தது அப்படித்தான். ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. மில்லிங் மெஷினில் கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில், டேப்பர் என்ற கூம்புத் துளை உண்டு; அதில் ஒரு வகைக்கு இன்னமும் இதே பெயர்தான்.

கடிகாரக்காரரின் பிழைப்பு என்ன? வட்டத்தைச் சமமாகப் பங்கு போடுவது. 60 பல் என்றால் 60 பல், இடைவெளி ஒன்றுக்கொன்று மாறக் கூடாது. பிரவுன் கடைசிவரை செய்ததும் இந்த ஒரு வேலையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பங்கு போடும் பொருள்தான் மாறிக்கொண்டே வந்தது. 1850 வாக்கில் நேர்கோட்டைப் பங்கு போடத் தானியங்கி இயந்திரம் ஒன்றைச் செய்து, அளவுகோல்களில் கோடு போட்டு விற்றார். 1851இல் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் படிக்கும் வெர்னியர் காலிப்பர் வந்தது. நம் பட்டறைகளில் 'ஒரு தௌ' என்கிறோமே, அந்த அளவு.

சரி, ட்ரில் பிட்டுக்கு வருவோம். மில்லிங் மெஷின் அப்போதே இருந்தது. கட்டர் நின்ற இடத்தில் சுழலும், டேபிளில் இறுக்கிய இரும்பு அதற்குக் கீழே நேராக நகரும். நேராகப் போனால் நேர்ப்பள்ளம்தானே விழும்? பள்ளம் சுருளாக வேண்டுமென்றால், கம்பி முன்னே போகும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் வேண்டும். இரண்டு அசைவும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டிருக்க வேண்டும். இத்தனை தூரம் நகர்ந்தால் சரியாக ஒரு சுற்று, கூடவும் கூடாது குறையவும் கூடாது.

பிரவுன் டேபிளை நகர்த்தும் திருகுதண்டிலிருந்து கியர் போட்டு, கம்பியைப் பிடித்திருக்கும் தலைப்பகுதிக்குக் கொண்டுபோனார். டேபிள் நகர்ந்தால் கம்பி தானாகச் சுழலும். கியரை மாற்றினால் சுருளின் நெருக்கம் மாறும். பள்ளம் சாய்ந்து போவதால் கட்டர் அதில் இடிக்காமல் இறங்க டேபிளையும் அதே கோணத்துக்குத் திருப்பி நிறுத்த வேண்டும், அந்த வசதியையும் வைத்தார். கேட்டது ட்ரில் பிட் பள்ளம். அவர் கொடுத்த இயந்திரமோ கியர் வெட்டும், சாய்வு வெட்டும், சுருளும் போடும். யுனிவர்சல் மில்லிங் மெஷின் என்ற பெயருக்குக் காரணம் அதுதான். முதல் இயந்திரம் 1862 மார்ச்சில் பிராவிடன்ஸ் டூல் கம்பெனிக்கே போனது.

அந்தத் தலைப்பகுதியின் வழிவந்ததுதான் இன்று நம் பட்டறைகளில் இருக்கும் டிவைடிங் ஹெட். இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே வொர்ம் வீல் என்ற 40 பல் சக்கரம், அதை ஓட்ட வொர்ம் என்ற ஒரு திருகு. வெளியே இருக்கும் கைப்பிடியை 40 முறை சுற்றினால் உள்ளே மாட்டிய வேலைப்பொருள் ஒரே ஒரு முறை சுற்றும். 40 பல் கியர் வேண்டுமா? பல்லுக்கு ஒரு சுற்று. 20 பல்லுக்கு இரண்டு சுற்று. 28 பல் கேட்டால்?

40ஐ 28ஆல் வகுங்கள். ஒன்று, மீதி ஏழில் மூன்று. ஒரு முழுச் சுற்று சுலபம். ஏழில் மூன்று சுற்றைக் கண்ணால் எப்படி நிறுத்துவது? அதற்குத்தான் கைப்பிடிக்குப் பின்னால் துளைத் தட்டு. பிரவுன் அண்டு ஷார்ப் முறையில் மூன்று தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஆறு துளை வட்டங்கள். இரண்டாம் தட்டில் 21 துளை வட்டம் இருக்கிறது. ஏழில் மூன்று என்பது இருபத்தொன்றில் ஒன்பது. ஆக, ஒரு முழுச் சுற்று, அப்புறம் 9 துளை தள்ளி, கைப்பிடியில் இருக்கும் ஊசியை இறக்க வேண்டும். ஒரு பல் வெட்டியாயிற்று. இப்படியே 28 முறை.

புதிதாகப் பழகுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். ஊசி இப்போது இருக்கும் துளையையும் 'ஒன்று' என்று எண்ணிவிட்டால் எட்டு இடைவெளிதான் கிடைக்கும். கடைசிப் பல்லுக்கு வரும்போது கியரில் ஒரு கொழுத்த பல் மிஞ்சி நிற்கும். எண்ணவே வேண்டாம் என்றுதான் தட்டின்மேல் கத்தரிபோல விரியும் இரண்டு கைகள் இருக்கின்றன. பத்துத் துளைகள் இடையில் தெரியும்படி அவற்றை ஒருமுறை வைத்துவிட்டால் போதும். இன்னொரு வேடிக்கை: 53 பல் கேட்டால் இந்த மூன்று தட்டிலும் வழி கிடையாது. 53 பகா எண், அதற்குரிய வட்டம் இல்லை. தட்டையும் கியர் போட்டுக் கூடவே சுழலவிடும் டிஃபரென்ஷியல் இண்டெக்ஸிங் என்ற சுற்றுவழியில்தான் போயாக வேண்டும்.

கியர் வெட்டும் கட்டரிலும் பிரவுன் கை வைத்தார். கட்டரின் பல் மழுங்கினால் சாணை பிடிக்க வேண்டும், பிடித்தால் பல்லின் வடிவம் மாறும், வடிவம் மாறினால் வெட்டும் கியரும் கெடும். கேரட்டை நறுக்கிக்கொண்டே போனால் வில்லை சிறுத்துக்கொண்டே போவதைப் போல. 1864இல் அவர் செய்த கட்டரோ வாழைத்தண்டு ரகம். பல்லின் முகத்தில் என்ன வடிவமோ அதே வடிவம் பின்னால்வரை நீளும். முகத்தை மட்டும் சாணை பிடித்தால் போதும், எத்தனை முறை பிடித்தாலும் வடிவம் அப்படியே இருக்கும்.

இதற்கெல்லாம் நடுவே கம்பெனிக்குச் சோறு போட்டது தையல் மெஷின். 1858 முதல் வில்காக்ஸ் அண்டு கிப்ஸ் மெஷின்களை இவர்கள்தான் செய்து கொடுத்தார்கள். தையல் மெஷினின் ஊசித் தண்டு தேயாமலிருக்க எஃகுக்குப் பதம் ஏற்ற வேண்டும். பதம் ஏற்றினால் தண்டு இம்மி கோணிவிடும், கடினமாகிவிட்டதால் உளி இறங்காது. சாணைக்கல்லால் உருட்டித் தேய்த்து நேர்செய்வது ஒன்றே வழி. அந்தத் தேவை வளர்ந்து யுனிவர்சல் கிரைண்டிங் மெஷின் ஆனது. அது முழுமையடைந்த 1876இலேயே ஜோசப் பிரவுன் காலமானார். இதே தையல் மெஷின் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஹென்றி லீலண்ட் பிற்பாடு டெட்ராய்ட் போய் காடிலாக் காரைத் தந்தார். 1908இல் இங்கிலாந்தில் மூன்று காடிலாக் கார்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, பாகங்களைக் கலந்துபோட்டு, திரும்ப மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். தையல் ஊசித் தண்டில் பழகிய கறார் அது.

1867ஐ விட்டுவிட்டேன். அந்த ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்குப் போன பிரவுனும் ஷார்ப்பும், பால்மர் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த திருகு அளவி ஒன்றைப் பார்த்து வாங்கிவந்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் பிரிட்ஜ்போர்ட் பித்தளை ஆலை அனுப்பிய தகடுகளை 'தடிமன் சரியில்லை' என்று வாங்கியவர்கள் திருப்பியனுப்பியிருந்தார்கள். விசாரித்தால், இரண்டு தரப்பும் அளந்த கேஜ்கள் ஒரே தரம் என்ற பெயரில் இருந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆக, ஒவ்வொரு பட்டறையும் கையடக்கமாக வைத்துக்கொள்ளக் கூடிய ஓர் அளவி தேவைப்பட்டது. 1868இல் தகடு அளக்கும் மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்தார்கள், 1877இல் இன்னும் பெரிய பொருட்களையும் அளக்கும் மைக்ரோமீட்டர் காலிப்பர் வந்தது.

இதுவும் வட்டத்தைப் பங்கு போடுவதுதான். அங்குலத்துக்கு 40 மரை கொண்ட திருகு. ஒரு சுற்றுக்கு அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு நகரும். சுற்றும் உருளையின் விளிம்பில் 25 கோடுகள். நாற்பதை இருபத்தைந்தால் பெருக்கினால் ஆயிரம், அதாவது ஒரு கோட்டுக்கு ஒரு தௌ. கண்ணுக்கே தெரியாத நீளத்தை விரல் நுனியில் ஓடும் வட்டமாக விரித்துக் காட்டிவிடுகிறது. மெட்ரிக்கில் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர், விளிம்பில் 50 கோடு.

கம்பெனி பெரிதாக வளர்ந்தது, 1872இல் பெரிய ஆலைக்கு மாறியது, 1964இல் பிராவிடன்ஸை விட்டு நார்த் கிங்ஸ்டவுனுக்குப் போனது, 1981இல் தொடங்கிய நெடிய வேலைநிறுத்தத்தைக் கண்டது. 2001இல் அளவுக்கருவித் தொழில் சுவீடனின் ஹெக்ஸகான் கைக்குப் போயிற்று. மைக்ரோமீட்டர்களில் பெயர் தொடர்கிறது.

இன்னொரு இடத்திலும் அவர்கள் இருக்கிறார்கள், பெயரில்லாமல். வீட்டில் இன்டர்நெட் மோடத்துக்கு வரும் நீலக் கேபிளின் மேலுறையைப் படித்துப் பாருங்கள். '24 ஏ.டபிள்யூ.ஜி.' என்று அச்சடித்திருக்கலாம். அமெரிக்கக் கம்பி அளவு எனப்படும் இது 1857இல் பிரவுன் அண்டு ஷார்ப் கொண்டுவந்த அளவுமுறை. அதுவரை கம்பி எண்களுக்கிடையே ஒழுங்கான கணக்கு இல்லை. 0.46 அங்குலக் கம்பியிலிருந்து 0.005 அங்குலக் கம்பி வரை 39 படிகள், ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் மெலிவு என்று வகுத்தார்கள். எண் ஆறு கூடினால் விட்டம் ஏறக்குறைய பாதி.

24ஆம் எண்ணுக்குக் கணக்குப்படி விட்டம் 0.511 மில்லிமீட்டர். கேபிளின் ஒரு துண்டைத் தோலுரித்து, மெட்ரிக் மைக்ரோமீட்டரில் வைத்துப் பாருங்கள். மலிவு கேபிள் என்றால் குறையலாம். நியாயமான கேபிளாக இருந்தால் பூஜ்யத்திலிருந்து ஒரு முழுச் சுற்று, அப்புறம் ஒரே ஒரு கோடு.