தண்ணீருக்குத் திரும்பும் ட்ரை கிளீனிங்

ட்ரை கிளீனிங் என்று பெயர்தானே தவிர, துணி நனையத்தான் செய்கிறது. தண்ணீருக்குப் பதில் ஒரு கரைப்பான், அவ்வளவுதான். உலகின் பல ஊர்களில் அது பெர்குளோரோஎத்திலீன், சுருக்கமாகப் பெர்க். லேசாக இனிப்பு கலந்த நெடி அடிக்கும்.

இரண்டு கார்பன் அணு, நான்கு குளோரின் அணு. எண்ணெய்க் கறை இதில் சட்டென்று கரைந்துவிடும். கம்பளிக்கு இது ஏன் அவ்வளவு பொருத்தம்? கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறது. தண்ணீர் பட்டால் இழை ஊதும், செதில் விரியும். அந்த நேரத்தில் போட்டுப் புரட்டினால் இழைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கோட்டே சுருங்கிப்போகும். பெர்க் பட்டால் இழை அப்படி ஊதாது. தீயும் பிடிக்காது. அதற்கு முன்பு பெட்ரோல் வகைத் திரவங்களில் துவைத்துத் தீ விபத்துகளைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் பெர்க் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். சிந்தினால் சிமெண்ட் தரையையும் தாண்டி இறங்கும். நிலத்தடி நீருக்கும் அடியில் போய்த் தங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க நிறையவே வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலிலும் இது இருக்கிறது. அதை அதிகம் சுவாசிப்பவர், நாள் முழுக்க இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி.

சரி, முகமூடி கொடுக்கலாம், கழிவைப் பத்திரமாக அப்புறப்படுத்தலாம். நச்சுப் பொருளே தேவைப்படாதபடி வேலையை மாற்றியமைக்கப் பார்க்கும் பசுமை வேதியியல் அதற்கும் முந்திய கேள்வியைக் கேட்கிறது: இந்த நஞ்சு இங்கே வேண்டுமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1989-இல் இந்தக் கேள்வியைச் சட்டமாகவே எழுதியது. நச்சுப் பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பயன்படுத்தும் நிறுவனம் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், குறைப்பதற்குத் திட்டமும் போட வேண்டும். திட்டத்தைச் செயல்படுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை! ஆனாலும் நச்சுக் கழிவைப் பாதியாக்கும் இலக்கை மாநிலம் எட்டியது. எவ்வளவு வாங்குகிறோம், எவ்வளவு வீணாகிறது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாலே கண் திறந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சின்ன சலவைக் கடைக்காரர்களுக்குப் புது இயந்திரம் வாங்கும் வசதி இருக்காது. அவர்களில் சிலருக்கு அங்கே மானியமும் கொடுத்தார்கள். எதற்கு மாறினார்கள் தெரியுமா? தண்ணீருக்கு! கணினி பார்த்துக்கொள்ளும் இயந்திரம் அது. வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து விடும், உருளையை மெல்ல அசைக்கும், புரட்டி அடிக்காது. இழை ஊதினாலும் செதில்கள் மாட்டிக்கொள்வதில்லை. அப்புறம் கோட்டை ஆள் உருவம் போன்ற அச்சில் மாட்டி, நீராவி பாய்ச்சி, இழுத்துப் பிடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

கலிபோர்னியா 2007-இல் விதி கொண்டுவந்து, 2023-க்குள் எல்லாப் பெர்க் இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னது. 2024 டிசம்பரில் அமெரிக்க மத்திய சுற்றுச்சூழல் முகமையும், ட்ரை கிளீனிங்கில் பெர்க்கைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதியை வெளியிட்டது. ‘ட்ரை கிளீன் மட்டும்’ என்று லேபிள் தைத்த கோட்டுகள் பலவும் இப்போதே அந்தத் தண்ணீர் இயந்திரங்களுக்குள் போய், சுருங்காமல் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன.