மனைக்காப்பாளர்

அமெரிக்காவில் பழைய வீடுகளைப் பாதுகாக்கும் முறையைப் பற்றித் தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளில் ‘ரெசிடென்ட் கியூரேட்டர்’ என்பவரைக் ‘குத்தகைதாரர்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாம் முறையாக அதைப் படித்த பின்னும் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

இத்தகைய முறையை மேரிலாந்து மாநிலம் 1982இல் தொடங்கியது. மாசசூசெட்ஸ் முதலியவை பின்தொடர்ந்தன. அரசின் உடைமையாகிப் பூட்டிக் கிடந்து சிதையும் வீட்டைத் தகுதியுள்ள ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் வாடகை தருவதில்லை. அதற்கு ஈடாகத் தம் கைப்பணத்தைச் செலவிட்டு, குறித்த ஆண்டுகளுக்குள், பழைய அமைப்புக் கெடாமல் வீட்டைச் செப்பனிட்டு, அதிலேயே குடியிருந்து பேண வேண்டும். ஆண்டில் சில நாள் பொதுமக்கள் பார்க்கவும் திறந்துவிட வேண்டும். மேரிலாந்தில் இவ்வுரிமை அவருடைய ஆயுள் வரைக்கும் உண்டு. வீடு என்றும் அரசுக்கே சொந்தம்.

‘கியூரேட்டர்’ என்பதன் வேர், அக்கறை, பராமரிப்பு எனப் பொருள்படும் ‘கூரா’ என்னும் இலத்தீன் சொல். உரோமச் சட்டத்தில் சித்தம் கலங்கியவரின் சொத்தைக் கவனித்துவந்தவருக்கும், உரோம் நகரத்து நீர்க்கால்வாய்களின் பொறுப்பாளருக்கும் இப்பெயர் இருந்தது. அருங்காட்சியகத்தோடு இது சேர்ந்தது பிற்காலத்தில்தான்.

இனிக் குத்தகைக்கு வருவோம். ஏரி மீனைக் குத்தகைக்கு எடுப்பவரும் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவரும் ஒரு தொகையைக் கட்டிவிட்டு விளைவைத் தமதாக்கிக் கொள்கிறார்கள். பலனை எடுப்பதுதான் இச்சொல்லின் உயிர். ‘நேர்மையை இவர் மட்டும் குத்தகைக்கு எடுத்துவிட்டாரா?’ என்று ஏளனமாகக் கேட்கும்போதுகூட, பிறருக்கு இல்லாமல் முழுதும் தனதாக்கிக் கொண்டவர் என்னும் பொருளே தொனிக்கிறது. கூரை ஒழுகும் வீட்டில் தம் சேமிப்பைக் கொட்டி, இறுதியில் பிள்ளைகளுக்கு ஒரு செங்கல்லும் விட்டுச்செல்ல முடியாத மனிதரை இப்பெயரால் அழைப்பது பொருளைத் தலைகீழாக்குவதாகும்.

‘லீசுக்கு விட்ட வீடு’ என்பாரும் உளர். சென்னையில் ‘லீசு’ என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அப்பணத்தைத் திரும்பப் பெறுவது, அதாவது போக்கியம். இவ்வாறு படிக்கும் வாசகர் மேரிலாந்து அரசு அந்தக் குடியிருப்பாளருக்குப் பணம் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்றே எண்ணுவார். ‘தத்தெடுத்தவர்’ என்பதும் பொருந்தாது. தத்து என்பது குடும்ப உறவையும் வாரிசுரிமையையும் உண்டாக்குவது. நடுவண் அரசு 2017இல் நினைவுச்சின்னங்களுக்காகக் கொண்டுவந்த ‘அடாப்ட் எ ஹெரிடேஜ்’ (மரபுச்சின்னத்தைத் தத்தெடுங்கள்) திட்டம் இச்சொல்லைப் பரப்பிவிட்டது. அதன் கீழ் மறு ஆண்டு டெல்லிச் செங்கோட்டையின் வசதிப் பராமரிப்பை ஒரு நிறுவனம் ஏற்றபோது, ‘கோட்டையே விற்கப்பட்டது’ என்று கூக்குரல் எழுந்ததில் சொல்லின் குழப்பத்துக்கும் பங்குண்டு.

தமிழறிந்தோர் சிலர் ‘காப்பாட்சியர்’ என்கிறார்கள். நம் அரசு அருங்காட்சியகங்களில் நிலைபெற்றுவிட்ட நல்ல சொல் அது. ஆயினும் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்னும் வரிசையில் அது நிற்பதால், சம்பளமும் இருக்கையும் உள்ள அலுவலரையே காதுக்குக் காட்டுகிறது. ‘உறைவிடக் காப்பாளர்’ என்றாலோ உண்டு உறைவிடப் பள்ளியின் விடுதி வார்டன்தான் நினைவுக்கு வருவார்.

நம் கல்வெட்டுகளைப் புரட்டியிருந்தால் இவ்வளவு தடுமாற்றம் நேர்ந்திராது. நிலத்தின் மேலுரிமையை மீயாட்சி என்றும், அதில் இருந்து உழுபவரின் உரிமையைக் காராண்மை என்றும் அவை பிரித்துச் சொல்கின்றன. உடைமை ஓரிடத்திலும் பொறுப்போடு கூடிய இருப்பு வேறோரிடத்திலும் இருக்கலாம் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. ஊர்க்காவற் கடமைக்குப் பாடிகாவல் என்ற பெயரும் இருந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில அகராதியை மட்டும் திறந்துவைத்துக் கொண்டு, முதலில் கண்ட சொல்லைப் பெயர்த்து வைப்பதால் வரும் வினை இது.

‘மனைக்காப்பாளர்’ என்பது என் பரிந்துரை, முறைக்கு ‘மனைக்காப்பு’. மனை என்றால் இன்று விளம்பரப் பலகைகளில் வெற்று நிலம்தானே என்று கேட்கலாம். மனைவி, மனையறம் என்னும் சொற்களில் அது குடியிருக்கும் வீடாகவே இன்றும் வாழ்கிறது. வீட்டுமனை விற்போருக்காக அப்பொருளை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மேரிலாந்து ஏற்பாட்டை இனி எழுதுவோர், ‘அரசின் உடைமையான வீட்டை மனைக்காப்பாளர் தம் செலவில் செப்பனிட்டு, வாழ்நாள் முழுதும் குடியிருந்து பேணுவார்’ என்று எழுதலாம். வாடகை உண்டா, பணம் திரும்புமா என்ற ஐயம் அவ்வாக்கியத்தில் எழாது.